‘மாதம் நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்’ என்று உளவுத்துறையினர் கேட்டால்?

நாகை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 26. திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். நாட்டுப்புறவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். வேதாரண்யத்தில் தொடங்கி நாகூர் வரை கடற்கரைக் கிராமங்களின் சடங்குகள், ஊர்ப் பஞ்சாயத்து, கந்தூரி வழக்கங்கள் இவைதான் ஆய்வுப் பொருள். களப்பணியின்போது தங்கிய வீடுகளில் இவரைச் சொந்தப் பெண்ணைப் போல நடத்துகிறார்கள்.

சென்ற மாதம் ஒருவர் தெரிந்தவர் மூலமாக வந்து, உளவுத்துறையில் இருப்பதாகச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், எங்கள் ஆட்கள் போனால் வாசலோடு பேசி அனுப்பிவிடுகிறார்கள். உங்களுக்கு அடுப்படி வரை போகமுடிகிறது. மாதம் ஒருமுறை நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து, பேப்பர் எதுவும் வேண்டாம். கைச்செலவுக்குப் பார்த்துக்கொள்கிறோம்.” பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். குறிப்பிட்ட ஒரு ஊரில் வாரநாளில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. அன்று இரவு ஆண்கள் எல்லாரும் கோயில் வாசலில் வெகுநேரம் கூடியிருந்தார்கள். என்ன விஷயம்? நம் வாசகிக்கு விவரம் தெரியும். ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார், அதனால் தொழில் நிறுத்தம். இரவில் கூடியது சுருக்குமடி வலைத் தகராறு பற்றிய பஞ்சாயத்து. சொன்னார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

அப்பா, “கவர்ன்மென்ட் ஆளே தேடி வர்றாங்க, விட்டுடாதே” என்கிறார். தோழி, “அந்த ஜனங்க உனக்குச் சோறு போட்டாங்க, அவங்களையே காட்டிக்கொடுப்பியா?” என்கிறார். வாசகி என்னிடம் கேட்பவை நான்கு. மறுத்தால் குற்றமாகுமா? எழுத்தில் எதுவும் இல்லை என்பதால் ஆபத்து இல்லைதானே? பண்பாட்டு அறிவைக் கேட்கிறார்கள் என்றால் யார் சந்தேகத்துக்கு உரியவர் என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? நாட்டுப்புறவியல் படித்தவளுக்கு அந்தத் துறையில் முறையான வேலை கிடைக்குமா, அல்லது அதெல்லாம் கணக்கும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தூக்கம் கெட்ட விஷயத்தைப் பேசிவிடலாம். நீங்கள் அன்று சொன்ன பதிலால் அந்த ஊருக்குக் கெடுதல் நடக்கவில்லை. நல்லதுதான் நடந்திருக்கிறது. சாவு விழுந்தால் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஒருவர் மேசையில் அதே செய்தி ‘படகுகள் திடீர் நிறுத்தம், இரவில் ரகசியக் கூட்டம்’ என்று போய் உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் ஊருக்குள் ஜீப் வந்திருக்கும், நாலு இளைஞர்களை விசாரணைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். நீங்கள் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஒரு வழக்கத்தைச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

தேசப் பாதுகாப்பு வேலையில் பண்பாட்டு அறிவின் முதல் பயனே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாதாரணமான ஒன்றைச் சாதாரணம் என்று அடையாளம் காண்பது. அது முடிந்தால்தான் உண்மையிலேயே வித்தியாசமான ஒன்று கண்ணில் படும். கோடியக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்ததும் வெளியூர்ப் படகுகள் வந்து சேரும், கரையில் கொட்டகை போடுவார்கள், பங்குனி வரை இருந்து மீன்பிடிப்பார்கள். இலங்கைக் கரை ஐம்பது கிலோமீட்டர் சுற்றில் இருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத முகங்கள் கூட்டமாக வந்து தங்குவதைப் பார்த்துப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி பதறுவார். சீசன் தெரிந்தவர் பதறமாட்டார். சீசன் முடிந்த பிறகும் காலியாகாத ஒரு கொட்டகை இருந்தால் அதை மட்டும் கவனிப்பார். நாகூர் கந்தூரிக்கு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருவதும், நேர்த்திக்கடனுக்குப் பணம் வருவதும், இந்து மீனவக் குடும்பங்கள் அந்தப் பதினாலு நாளும் தர்காவே கதி என்று கிடப்பதும் அப்படித்தான். அந்தப் பெரிய மினராவைக் கட்டிக்கொடுத்ததே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்று தெரிந்தவருக்கு அந்தக் கூட்டத்தில் யாரைப் பார்த்தும் சந்தேகம் வராது.

இது தெரியாததால் பெரிய அரசுகளே தடுக்கி விழுந்திருக்கின்றன. 1978 ஜனவரி 9 அன்று ஈரானில் கோம் நகரத்தில் மதக்கல்வி மாணவர்களின் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் இறந்தார்கள். நாற்பதாம் நாள் துக்கம் கடைப்பிடிப்பது அங்கே வழக்கம். கணக்கு வைத்தாற்போல பிப்ரவரி 18 அன்று தப்ரீஸ் நகரத்தில் நாற்பதாம் நாள் கூட்டம், மறுபடி மோதல், மறுபடி சாவு. அதற்கு நாற்பதாம் நாள் மார்ச் கடைசியில் யஸ்து நகரத்தில். நம் ஊரில் பதினாறாம் நாள் கருமாதிக்கு யார் யார் வருவார்கள், நாகூரில் நாற்பதாம் ஃபாத்திஹாவுக்கு எத்தனை சட்டி ஏறும் என்று சொல்லத் தெரிந்த ஒரு பாட்டியால் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்திருக்க முடியும். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில்கூட அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, ஈரானில் புரட்சி வரும் சூழல் இல்லை என்றுதான் மதிப்பிட்டது. மன்னரோடும் அவருடைய ரகசியப் போலீசோடும் பேசினார்கள். பள்ளிவாசல்களில் கைமாறிய, மன்னரை எதிர்த்த மதத் தலைவர் கொமேனியின் ஒலிநாடாக்களை உட்கார்ந்து கேட்க ஆளில்லை. 1979 ஜனவரியில் மன்னர் நாட்டைவிட்டே போய்விட்டார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், உங்கள் ஆய்வுக் களத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தண்டோராவே போட்டார். அவர் கையில் சட்டம் இருந்தது, போலீஸ் இருந்தது, எந்த ஊரில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற கணக்கும் இருந்தது. வழிப்போக்கனுக்குச் சோறு போட ராமேசுவரம் சாலை நெடுகச் சத்திரம் கட்டி வைத்த நாடு இது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. ஜனங்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். காவிரிக் கரையில் பாத்திரத்தோடு சோற்றைப் புதைத்து வைத்து இடத்துக்கு அடையாளம் காட்டினார்கள். யார் கொடுத்தார்கள் என்று எவரைப் பிடிப்பது? சோறு போடாதே என்ற உத்தரவு, அதுவரை காங்கிரஸ் பக்கமே தலைவைத்துப் படுக்காத குடும்பங்களையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்பது என் கருத்து. அரசாங்கத்தின் மேல் மக்களுக்கு இருந்த பற்று போய்விட்டது என்று தார்னே பிறகு தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டார்.

பழக்கம் தெரிவதும் ஆளைக் காட்டுவதும்

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அதில் இருக்கும் தப்பான எண்ணத்தைத்தான் முதலில் திருத்தவேண்டும். எந்தச் சமூகத்தார் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று பட்டியல் போடுவது பண்பாட்டு அறிவாகாது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாகாணம் பார்த்திருக்கிறது. 1871-ல் வந்த குற்றப் பழங்குடிச் சட்டத்தை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்தார்கள். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று கைரேகை எடுத்தார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டியதெல்லாம் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் எழுதிவைத்த சாதிக் குறிப்புகள், பழக்கவழக்கப் பட்டியல்கள். உங்களைப் போன்ற களப்பணியாளர்கள் எழுதியவையும் அதில் உண்டு. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் போயிற்று. முத்திரை குத்தப்பட்ட குடும்பங்கள் அதன் நிழலில் இன்னும் வழக்கு நடத்துகின்றன. அப்படிப்பட்ட வழக்குகள் வக்கீலான எனக்கும் வந்திருக்கின்றன.

அதற்காகத் தோழி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஊரைப் பற்றி அரசாங்கத்திடம் எதைச் சொன்னாலும் காட்டிக்கொடுப்பது என்பது சரியல்ல. 1965 ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஆயுதத்தோடு ஆட்களை அனுப்பிய பாகிஸ்தான், உள்ளூர் ஜனங்கள் தங்களோடு சேர்ந்து எழுவார்கள் என்று கணக்குப் போட்டது. குல்மார்க் பக்கம் முகமது தின் என்ற கால்நடை மேய்க்கும் இளைஞரிடம் பணத்தைக் காட்டி விவரம் கேட்டார்கள். அவர் நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். ஒரே மதம் என்றால் ஒரே மனசு என்று நினைத்தவர்களின் திட்டம் அங்கேயே ஆட்டம் கண்டது. 2008 நவம்பரில் மும்பையில் ரப்பர் படகில் வந்து இறங்கிய ஆட்களை முதலில் பார்த்து யார் என்று கேட்டவர்களும் அந்தக் கரையில் குடியிருந்த மீனவ ஜனங்கள்தான். இவர்கள் யாரும் தங்கள் ஊரைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஊரில் நடக்கக்கூடாத ஒன்று நடப்பதைக் கண்டு கேட்டார்கள், சொன்னார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் எல்லை இதுதான். ஒரு வழக்கம் என்ன, ஏன், எப்போது என்று விளக்கலாம். கண்ணெதிரே ஒரு குற்றம் நடந்தால் சொல்லவேண்டும். இன்னார் வீட்டுக்கு இன்னார் வந்தார், பஞ்சாயத்தில் இன்னார் இப்படிப் பேசினார், இந்தக் குடும்பத்துக்கு இலங்கையில் உறவு என்று மாதாமாதம் எழுதிக் கொடுப்பது வேறு. அதைச் செய்யாதீர்கள். தொடர்ந்து எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டவருக்கு மாதம் பிறந்தால் ஏதாவது எழுதியாகவேண்டும். ஒன்றும் நடக்காத மாதத்தில் சாதாரணமான விஷயமும் சந்தேகத்துக்குரியதாகத் தோன்ற ஆரம்பிக்கும். கெட்ட எண்ணமே இல்லாமல் நல்லவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், வருத்தப்படாதீர்கள். நீங்கள் டெல்டாவில் பிறந்தவர், தமிழ் பேசுபவர். அதனாலேயே கரை உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். வயல்காட்டுக்காரர்களுக்குக் கடற்கரை வேறு நாடு மாதிரி. நமக்கு ஈழத்து விஷயத்தில் நேர்ந்ததும் இதுதான். 1983-க்குப் பிறகு நம் நாட்டிலேயே பயிற்சி பெற்ற இயக்கங்கள் நாம் சொன்னால் கேட்கும் என்று டெல்லி நம்பியது. நம் மொழி பேசும் ஜனங்கள்தானே, நம்மைப் போலத்தான் யோசிப்பார்கள் என்று தமிழ்நாட்டிலும் பலர் நம்பினோம். 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. செப்டம்பரில் நல்லூர்க் கோயில் வீதியில் புலிகள் இயக்கத்தின் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து 26-ஆம் தேதி இறந்துபோனார். அந்தச் சாவு யாழ்ப்பாணத்து வீடுகளில் என்ன செய்தது என்பதை நம் ஆட்கள் எடைபோட்டதாகத் தெரியவில்லை. அக்டோபர் 10-ல் நம் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்திருந்தார்கள், அந்த மண்ணின் ஜனங்கள் எத்தனையோ பேர் இறந்திருந்தார்கள். புலிகள் செய்ததை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. மொழி ஒன்றாக இருப்பதே கண்ணை மறைத்துவிடும் என்பதற்குச் சொல்கிறேன்.

மறுத்தால் குற்றமாகுமா?

ஆகாது, பயப்படவேண்டாம் அம்மா. குடிமகன் ஒருவர் தொடர்ந்து தகவல் தரும் ஆளாக இருந்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மத்திய உளவுத்துறைக்குக் கைது செய்யும் அதிகாரமோ சம்மன் அனுப்பும் அதிகாரமோ கிடையாது. நம் மாநிலத்தின் கியூ பிரிவு அப்படியல்ல, அது போலீசின் ஒரு பிரிவு. ஆனால் அவர்களும் சட்டப்படிதான் உங்களைக் கேட்கமுடியும்.

சட்டம் உங்கள்மேல் வைக்கும் கடமைகள் வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவில் சில கடுமையான குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றில் ஒன்று நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், தகுந்த காரணமில்லாமல் மறைக்கக்கூடாது. ஒரு வழக்கு விசாரணையில் சாட்சியாக உங்களை விசாரிக்க விரும்பினால் 179-ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தரவேண்டும். நீங்கள் பெண் என்பதால் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, நீங்கள் வசிக்கும் இடத்துக்குத்தான் அவர்கள் வரவேண்டும். அந்த விசாரணையில் உண்மையைச் சொல்லவேண்டும். உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவேண்டியதில்லை. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணை நடந்தால் தகவல் தர மறுப்பது தண்டனைக்குரியது, அதற்கும் மேலதிகாரியின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். டீக்கடை பெஞ்சில் வாய்வார்த்தையாகக் கேட்டது இவற்றில் எதிலும் சேராது.

எழுத்தில் இல்லாத ஏற்பாடு

‘பேப்பர் எதுவும் இல்லை, அதனால் ஆபத்து இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது நேர்மாறு. பேப்பர் இல்லாவிட்டால் பாதுகாப்பும் இல்லை. நாளைக்கு ஊருக்குத் தெரிந்து உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், நீங்கள் அவர்களுக்கு உதவியவர் என்று யாரும் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீசைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கும் விதி. அது உங்கள் பெயரை மூடிவைக்க உதவும், அதே அளவுக்கு உங்களைக் கைவிடவும் உதவும். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டமும் வழக்கில் சாட்சி சொல்பவர்களுக்குத்தான். கைச்செலவுக்குப் பணம் வாங்கினால் வேலை, காப்பீடு, ஓய்வூதியம் எதுவும் வராது. வாங்கினார் என்ற பேச்சு மட்டும் நிற்கும்.

அவர் உங்களிடம் புகைப்படமோ பட்டியலோ அரசுத் தாளோ காட்டி ரகசியம் என்று சொன்னால், 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் உங்களையும் பிடிக்கும். அதைப் பிறகு ஆய்வேட்டில் எழுதவோ தோழியிடம் பேசவோ முடியாது. அதனால் எதையும் வாங்கிப் பார்க்காதீர்கள்.

நீங்கள் யோசிக்காத ஒரு ஆபத்தும் உண்டு. வந்தவர் உண்மையிலேயே உளவுத்துறை ஆள்தானா? கடிதத்தில் அடையாள அட்டை பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. எந்த இரவில் எந்தக் கரை காலியாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளக் கடத்தல்காரருக்கும் ஆசை இருக்கும், வெளிநாட்டு ஆளுக்கும் இருக்கும். அரசு ஊழியர் போல நடிப்பது குற்றம்தான், ஆனால் குற்றம் என்பதால் யாரும் செய்யாமல் இருப்பதில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். உண்மையான அதிகாரியாக இருந்தால் இதற்குக் கோபப்படமாட்டார்.

அப்புறம், உங்கள் களக் குறிப்பேடு. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதைச் சட்டம் பாதுகாக்கிறது. ஆய்வாளரிடம் ஊர்க்காரர் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டப்படி கேட்டால் நீங்கள் குறிப்பேட்டைக் கொடுத்தாகவேண்டும். எனவே இப்போதே, எந்த விசாரணையும் இல்லாதபோதே, பெயர்களை எடுத்துவிட்டுக் குறியீடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாராவது முறைப்படி கேட்ட பிறகு கிழிப்பதும் அழிப்பதும் குற்றம். இது உங்கள் துறையில் பழைய விவாதமும்கூட. 1919-ல் மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ், ஆராய்ச்சி என்ற பெயரில் உளவு பார்த்த சக அறிஞர்களைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதற்காக அமெரிக்க மானிடவியல் சங்கம் அவரையே கண்டித்தது. அந்தக் கண்டனத்தை 2005-ல்தான் திரும்பப் பெற்றார்கள். 2007-ல் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் படையோடு ஆய்வாளர்களை அனுப்பும் திட்டம் வந்தபோது அதே சங்கத்தின் செயற்குழு அதை எதிர்த்தது. துப்பாக்கியோடு வருபவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டால் எதிரே இருப்பவர் விருப்பத்தோடு பதில் சொன்னார் என்று எப்படிச் சொல்லமுடியும் என்பதும் அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. உங்கள் வழிகாட்டியிடம் இதையெல்லாம் பேசுங்கள்.

வேலைக்கே போவதென்றால்

அப்பாவின் ஆசையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இந்த வேலைக்கு உங்களைப் போன்றவர்கள் உள்ளே போகவேண்டும், முறையான வாசல் வழியாக. மத்திய உளவுத்துறையில் உதவி மத்திய உளவு அதிகாரி நிலை இரண்டுக்கு ஏதாவது ஒரு பட்டப்படிப்பு போதும், உங்கள் பட்டம் செல்லும். கொள்குறித் தேர்வில் கணக்கு, பகுத்தறிதல், பொது அறிவு, ஆங்கிலம் வரும். அடுத்து எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். கணக்குக்குக் கொஞ்சம் உழைக்கவேண்டியிருக்கும், மற்றபடி உங்களுக்கு எட்டாதது ஒன்றுமில்லை. வயது பொதுப்பிரிவில் 27 வரை, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டும் பட்டியலினத்தவருக்கு ஐந்து ஆண்டும் கூடுதல். உங்களுக்கு 26 நடக்கிறது, எனவே நாளைக் கடத்தாதீர்கள். அதே துறையின் பாதுகாப்பு உதவியாளர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆனால் அந்தந்த மாநில மொழியோ வட்டார வழக்கோ தெரிந்திருப்பது கட்டாயத் தகுதி. அதற்குத் தேர்வே வைக்கிறார்கள். பண்பாட்டு அறிவுக்கு அந்தத் துறையில் மதிப்பில்லை என்ற உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ள இது ஒன்றே போதும்.

சேர்ந்தால் இழப்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவும், உளவு அமைப்பு ஊழியர்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். சங்கம் வைக்கமுடியாது, பத்திரிகையில் பேசமுடியாது, அனுமதியில்லாமல் வெளியிட முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் துறை சார்ந்து எழுத முன் அனுமதி வேண்டும் என்று 2021-ல் ஓய்வூதிய விதியைத் திருத்தியிருக்கிறார்கள். நாட்டில் எங்கே போட்டாலும் போகவேண்டும், நாகைக் கரையில்தான் வேலை என்று நினைக்காதீர்கள். ஆய்வேட்டை முடித்துச் சமர்ப்பித்துவிட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகு பழைய களத்தில் ஆய்வாளர் என்ற முகத்தோடு போய் நிற்கவேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. 1994-லிருந்து நம் மாநிலத்தில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. மீனவர்களோடு சேர்ந்து ‘சாகர் கவாச்’ என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடத்துகிறார்கள். புதிதாக வரும் காவலர்களுக்குக் கரையின் பழக்கங்களைப் பற்றி வகுப்பு எடுக்க உங்கள் பல்கலைக்கழகம் மூலமாகக் கடிதம் கொடுங்கள். எந்த மாதத்தில் எந்த ஊர் தொழில் நிறுத்தும், ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவெடுப்பவர் யார், சாவு வீட்டுக்குள் போலீஸ் செருப்போடு நுழைந்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு யாரும் ஏன் வாய்திறக்கமாட்டார்கள், இதையெல்லாம் பகிரங்கமாகச் சொல்லுங்கள். ஊர்க்காரர்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

இந்த வாரம்

அவரிடம் தொலைபேசியில் பேசவேண்டாம், ஒரு சின்னக் கடிதமாகவே கொடுத்துவிடுங்கள். மாதக் குறிப்பு எழுத இயலாது, பணம் வேண்டாம், வழக்கங்கள் பற்றிய விளக்கம் தேவைப்பட்டால் பல்கலைக்கழகம் வழியாகக் கேட்கலாம் என்று மூன்று வரி. நகலை வழிகாட்டியிடமும் என்னைப் போல ஒரு வக்கீலிடமும் கொடுத்து வையுங்கள். மறுத்த பிறகு மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கண்காணிப்பாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

களப்பணியில் கடலிலோ கரையிலோ ஆபத்தான எதையாவது பார்த்தால் யாருக்கும் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நம் மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. ஊரில் யாரும் கூப்பிடும் எண்கள்தான், நீங்களும் கூப்பிடலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பேட்டி எடுக்கும் முன் ஒப்புதல் கேட்பீர்கள் அல்லவா, அதில் ஒரு வரி சேருங்கள்: அரசுத் தரப்பில் யாராவது கேட்டால் உங்கள் வழக்கத்தைப் பற்றிச் சொல்வேன், உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன், சட்டம் கட்டாயப்படுத்தினால் மட்டும் என்னால் மறுக்கமுடியாது. அதைக் கேட்டு இரண்டு மூன்று வீடுகள் கதவைச் சாத்தினாலும் பரவாயில்லை, மற்ற வீடுகளில் தெரிந்தே பேசுவார்கள்.